கத்தாத பூனையின் நோவு

இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் பூனைக்கு வேலை உண்டு. அரிசி மூட்டை இருக்கும் காம்பராவுக்கு எலி வரும். எலி வருகிற இடத்தில் பூனை வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கூரைக்கும் அடுப்படிக்கும் தாவித் திரிந்த பூனை, ஒரு கட்டத்தில் தாவுவதை விட்டுவிட்டு அடுப்புச் சாம்பலின் சூட்டருகே சுருண்டுகொள்கிறது. "வயசாயிருச்சு" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். காலில் அடிபட்ட நாய் ஊரைக் கூட்டும். பசு தீனி எடுக்காவிட்டால் மாலையில் பால் குறைந்து வீடு முழுக்கத் தெரிந்துவிடும். பூனை மட்டும் வாயே திறப்பதில்லை. அதற்கு நோவே இல்லையா, அல்லது இருக்கிற நோவு நம் கண்ணில் படவில்லையா?

இந்தக் கேள்விக்கு எக்ஸ்ரே படங்களிலிருந்து ஒரு விடை கிடைத்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் எலிசபெத் ஹார்டி என்ற மிருக வைத்தியரும் அவருடைய குழுவினரும் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் பழைய எக்ஸ்ரே படங்களை எடுத்து மறுபடி பார்த்தார்கள். வேறு வேறு நோய்களுக்காக எடுக்கப்பட்ட படங்கள் அவை. 2002இல் வெளியான முடிவின்படி, 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு இருந்தது. பத்துக்கு ஒன்பது! படத்தில் தேய்வு தெரிந்தால் நோவும் இருக்கிறது என்று உடனே சொல்லிவிட முடியாது என்பது சரியான ஆட்சேபம். மனிதரிலும் முழங்கால் படம் மோசமாக இருந்தும் நன்றாக நடப்பவர்கள் உண்டு. அதனால் அதே மாநிலத்தில் டங்கன் லாசெல்லஸ் என்ற ஆய்வாளர் வேறு வழியில் போனார். மூட்டுத் தேய்ந்த கிழப்பூனைகளின் கழுத்துப் பட்டையில் அசைவை எண்ணும் சிறு கருவியைக் கட்டி, சில நாட்கள் நோவு தணிக்கும் மருந்தும் சில நாட்கள் மருந்தில்லாத வெறும் திரவமும் கொடுத்துப் பார்த்தார். மருந்து கொடுத்த நாட்களில் பூனைகள் கூடுதலாக நடமாடின. வயதுதான் அவற்றை உட்கார வைத்தது என்றால், மருந்து அவற்றை எழுப்பியிருக்காது. வயதை எந்த மருந்தும் குறைப்பதில்லை.

பூனை ஏன் மறைக்கிறது? வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழும் காட்டுப் பூனை. 2007இல் வெளியான மரபணு ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. அது தனியே வேட்டையாடும் பிராணி. கூட்டமாக வாழும் விலங்கு கத்தினால் துணை வரக்கூடும். தனியாக வாழ்வது கத்தினால் அதைவிடப் பெரிய விலங்குதான் வரும். முனகாத பூனைகளே பிழைத்துக் குட்டி போட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். உறுமல் போன்ற அந்தக் 'குர்குர்' சத்தத்தையும் நம்ப முடியாது. மடியில் சுகமாகக் கிடக்கும்போது வருகிற அதே சத்தம், நோய் முற்றிய பூனையிடமிருந்தும் வரும்.

ஆனால் முகம் மறைப்பதில்லை. கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாவ்லோ ஸ்டீகல் குழு 2019இல் பூனைக்கான முகச்சுளிப்பு அளவுகோல் ஒன்றை வெளியிட்டது. நோவுள்ள பூனைகளையும் நோவற்ற பூனைகளையும் ஆள் தொந்தரவு இல்லாமல் வீடியோ எடுத்து, எந்தப் பூனை எது என்று தெரியாதவர்களிடம் முகத்தை மட்டும் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். பார்க்க வேண்டியவை ஐந்து. காது வெளிப்பக்கம் திரும்பித் தட்டையாகிறதா, கண் இடுங்குகிறதா, மூக்குவாய்ப் பகுதி உருண்டை மாறி நீள்வட்டமாக இறுகுகிறதா, மீசை வளைவு நிமிர்ந்து முன்னால் குத்துகிறதா, தலை தோள்மட்டத்துக்குக் கீழே தொங்குகிறதா. ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் இரண்டு வரை. கூட்டினால் பத்துக்கு நான்கோ அதற்கு மேலோ வந்தால் நோவு மருந்து பற்றி யோசிக்க வேண்டும். மருந்து கொடுத்த பிறகு அதே பூனைகளின் எண் இறங்கியதால்தான் இந்த அளவுகோல் நோவைத்தான் அளக்கிறது, பயத்தையோ தூக்கத்தையோ அல்ல என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

இது திடீர் நோவுக்கு உரியது. மூட்டு நோவைப் போல மாதக்கணக்கில் நீளுவதற்கு முகம் போதாது. நடமாட்டத்தைப் பார்க்க வேண்டும். லாசெல்லஸ் குழு 2020இல் அதற்கு ஆறே கேள்விகள் கொண்ட சிறு பட்டியலைத் தந்தது: மேலே தாவுகிறதா, கீழே குதிக்கிறதா, படி ஏறுகிறதா, இறங்குகிறதா, ஓடுகிறதா, அசைகிற பொருளைத் துரத்துகிறதா. முன்பு போலச் செய்கிறதா என்பதுதான் கேள்வி. படிக்கட்டும் மேடு பள்ளமுமான மலைத்தோட்டத்தில் இதற்குப் பதில் சொல்லப் பட்டப்படிப்பு தேவையில்லை.

நோவு இருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் நடப்பது என்ன? தலையிடியோ காய்ச்சலோ, மலையகத்தில் கை நீளுவது பனடோல் அட்டைக்குத்தான். பாவம், பூனைக்கும் கால்வாசி கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றும். இதைவிட இரக்கமான எண்ணம் இல்லை. இதைவிட ஆபத்தான காரியமும் இல்லை. ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் இருக்கிறது. மூன்றரைக் கிலோ பூனைக்குக் கால் மாத்திரை என்றால் கிலோவுக்கு ஏறத்தாழ 35 மில்லிகிராம். கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே பூனைகளில் நச்சுத்தன்மை பதிவாகியிருக்கிறது.

மனித ஈரல் பரசிற்றமோலை ஒரு சர்க்கரைத் துணுக்கோடு பிணைத்து, சிறுநீரில் கரைத்து வெளியே அனுப்பிவிடும். அந்தப் பிணைப்பைச் செய்ய ஒரு நொதியம் வேண்டும். பூனையிடம் அது இல்லை. 2000ஆம் ஆண்டில் மைக்கேல் கோர்ட், டேவிட் கிறீன்பிளாட் இருவரும் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: அந்த நொதியத்துக்கான மரபணு பூனையில் சிதைந்து, பெயருக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்படிச் செயலிழந்ததைப் போலி மரபணு என்பார்கள். பிறகு பூனைக் குடும்பத்தின் மற்ற இனங்களையும் சோதித்தபோது எல்லாவற்றிலும் அதே சிதைவு இருந்தது. மலைத்தோட்டங்களில் இரவில் உலவும் சிறுத்தையும் அந்தக் குடும்பம்தான். அதைவிடச் சுவையான தகவல், பூனைக்குத் தூரத்து உறவான பழுப்புக் கழுதைப்புலியிலும், அதைவிடவும் தூரத்து உறவான யானைச் சீலிலும் இதே மரபணு கெட்டிருந்தது. இவை எல்லாம் ஏறக்குறைய இறைச்சியையே தின்று வாழ்பவை. செடிகொடிகளில் உள்ள நச்சுகளை முறிக்கத்தான் அந்த நொதியம் அதிகம் தேவைப்படுகிறது. செடி தின்னாத பிராணியில் அது கெட்டுப்போனாலும் பல இலட்சம் ஆண்டுகளுக்கு யாருக்கும் நட்டமில்லை. பனடோல் வரும்வரை.

பிணைக்கப்படாத மருந்து வேறு வழியில் உடைந்து இரத்தச் செங்கலங்களைத் தாக்குகிறது. ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் பழுப்பாகி, சுமக்கிற வேலையை நிறுத்திவிடுகிறது. சில மணி நேரத்தில் ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். மாற்று மருந்து உண்டு. பனடோலை அளவுக்கு மீறி விழுங்கிய மனிதருக்கு வைத்தியசாலைகளில் கொடுக்கும் அசிற்றைல்சிஸ்ரீன்தான் பூனைக்கும். ஆனால் நேரம் குறைவு. 'கொடுத்துவிட்டோம்' என்று வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுவதே பூனைக்குச் செய்யும் முதல் உதவி. மூட்டில் தேய்க்கிற தைலமும் கூடாது. அதில் அஸ்பிரின் குடும்பத்துச் சேர்மம் இருக்கும். பூனை நக்கி விழுங்கும். அதன் உடலிலிருந்து அது வெளியேறுவது மிக மெதுவாக.

ஆக வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். யாரிடம்? ஊவாவில் பிரதேச செயலகப் பிரிவு தோறும் அரச கால்நடை வைத்திய அலுவலகம் இருக்கிறது. பெயரே சொல்கிறது, அதன் நாள் எப்படிப் போகும் என்று. பசுவுக்குச் செயற்கைச் சினைப்படுத்தல், கால்வாய் நோய்த் தடுப்பூசி, கன்று ஈனச் சிரமப்படும் மாட்டுக்காக ஏதோ ஒரு டிவிஷனுக்கு மலையேற்றம். அங்குள்ள வைத்தியர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பூனையைப் பற்றியும் படித்தவர்தான். நாள்தோறும் கை பழகுவது மாட்டில். பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களில் நாய், பூனை பார்க்கும் தனியார் வைத்தியர்கள் இருக்கிறார்கள். பெரிய பரிசோதனை என்றால் பேராதனையின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை. அது 100 கிலோமீற்றருக்கு அப்பால், மலைப்பாதையில். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அங்கே கற்பிப்பது விலங்கு விஞ்ஞானம். அந்தப் பட்டதாரி பண்ணை நடத்துவார், நோய்க்கு மருந்து எழுத மாட்டார்.

மொழியும் ஒரு மலைதான். தோட்டத்தில் தமிழ், அலுவலகத்தில் பெரும்பாலும் சிங்களம். பூனையின் நோய் முக்கால்வாசி வீட்டார் சொல்லும் கதையிலிருந்துதான் பிடிபடும் என்பதால் இது சின்னக் குறையல்ல. இங்கே கைத்தொலைபேசி உதவுகிறது. படியில் ஏறத் தயங்குவது, குனிந்து உட்கார்ந்திருப்பது, இடுங்கிய கண் எல்லாவற்றையும் வீட்டிலேயே ஒரு நிமிட வீடியோவாக எடுத்து வைத்தால், மேசைமேல் உறைந்துபோய் நிற்கிற பூனையைவிட அது வைத்தியருக்கு அதிகம் சொல்லும்.

அன்பான வைத்தியர் வேண்டும் என்று கேட்பதை ஆடம்பரமாக நினைப்பவர்கள் உண்டு. மருந்து சரியாக இருந்தால் போதாதா? போதாது. பயந்த பூனையின் உடல் பொய் சொல்லும். 2002இல் அவுஸ்திரேலியாவில் ஜாக்கி ராண்ட் குழுவினர் ஆரோக்கியமான பூனைகளுக்கு ஐந்து நிமிடம் தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்டி இரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை அளவு ஏறியிருந்தது. அதிகம் திமிறிய பூனைக்கு அதிகமாக ஏறியிருந்தது. நீரிழிவு இல்லாத பூனையை நீரிழிவு நோயாளியாக்கிவிட ஒரு முரட்டுப் பிடி போதும் என்று அர்த்தம். இதைப் பதற்றச் சர்க்கரை என்று சொல்லலாம். இரத்த அழுத்தமும் அப்படியே. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் கார்லி மூடி 2018இல் இரண்டு விதப் பிடிகளை ஒப்பிட்டார். உடம்பு முழுவதையும் அழுத்திப் பிடித்த பூனைகளே அதிகம் திமிறின, மூச்சிரைத்தன. மெதுவாகப் பிடித்தவை அடங்கி இருந்தன. அமெரிக்காவினதும் சர்வதேசத்தினதும் பூனை மருத்துவ அமைப்புகள் பூனையைக் கையாள்வது பற்றி 2011இல் சேர்ந்து வழிகாட்டியே வெளியிட்டன. பிடரியைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல மதிப்பிழந்து வருகிறது.

எனவே வைத்தியர் எப்படிப்பட்டவர் என்பது முதல் மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும். கூடையைக் கவிழ்த்துப் பூனையைக் கொட்டுகிறாரா, மூடியைக் கழற்றிவிட்டுக் கூடைக்குள்ளேயே தொட்டுப் பார்க்கிறாரா. நாய் குரைக்கும் இடத்தை விட்டுத் தள்ளி இருக்கச் சொல்கிறாரா. தொடுமுன் கேட்கிறாரா. கண்ணை மெல்ல மூடித் திறக்கும் வைத்தியரைக் கண்டால் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். 2020இல் பிரித்தானியாவில் செய்த சோதனையில், முன்பின் தெரியாத ஆள் அப்படிக் கண் சிமிட்டியபோது பூனைகள் அவரை நெருங்கி வருவது கூடியது. வீட்டார் பங்கும் இதில் இருக்கிறது. சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோன பூனை, எந்த வைத்தியரிடமும் நல்ல பூனையாக இருக்காது. காற்றுப் போகும் பழக்கூடை, அடியில் அது படுத்த பழைய சீலை, மேலே ஒரு துணி மூடல் போதும்.

நல்ல வைத்தியர் கட்டாயம் செய்யும் இன்னொன்று, பூனையை நிறுப்பது. காரணம் சிறுநீரகத்தில் இருக்கிறது.

கிழப்பூனைகளை அதிகம் கொண்டுபோகும் நோய்களில் நாட்பட்ட சிறுநீரக நோய் முன்னணியில் நிற்கிறது. பூனையின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் இரண்டு இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன; பாடநூலில் சிறுநீரகத்தி என்பார்கள். மனிதருக்கு அது சுமார் பத்து இலட்சம். செத்த சிறுநீரகத்தி மறுபடி முளைக்காது. ஒரு மலையில் நூறு பேர் கொழுந்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் வராத நாளில் மற்றவர்கள் கையை எட்டிப் போட்டு எடுப்பார்கள். மடுவத்தில் நிறுவைக் கணக்கு குறையாது. இருபது, முப்பது பேர் நின்றாலும் மீதிப் பேர் இழுத்துப் பிடிப்பார்கள். கணக்கப்பிள்ளையின் புத்தகத்தை மட்டும் பார்க்கிற துரைக்கு மலையில் ஆள் குறைந்தது தெரியவே தெரியாது. தெரியும்போது கால்வாசிப் பேர்தான் மிஞ்சியிருப்பார்கள், அவர்களும் களைத்து ஓய்ந்திருப்பார்கள். இரத்தத்தில் கிரியற்றினின் என்ற கழிவுப்பொருளை அளக்கும் பரிசோதனை அந்த நிறுவைப் புத்தகம் போன்றது. சிறுநீரகத்திகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு போன பிறகே அது தெளிவாக உயர்கிறது.

அதற்கு முன் கெடுவது சிறுநீரைச் சுண்ட வைக்கும் திறன். வறண்ட நிலத்து மூதாதையின் கொடையால் பூனை தண்ணீரை மிச்சம் பிடித்து மிகச் செறிவான சிறுநீர் கழிக்கக்கூடியது. மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகத்தி போனதும் அது முடியாமல், சிறுநீர் நீர்த்துப் பெருகும். ஈடுகட்டப் பூனை அதிகம் தண்ணீர் குடிக்கும். முறிவுமானி என்ற கையடக்கக் கருவியில் ஒரு துளி சிறுநீர் விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே செறிவு தெரியும். மின்சாரம்கூட வேண்டாம். நகரத்து வீட்டில் மணல் தட்டு நனைவதையும் கிண்ணம் காலியாவதையும் கவனித்து விடுவார்கள். தோட்டத்துப் பூனை குடிப்பது கானில் ஓடும் தண்ணீர், கழிப்பது தேயிலை அடியில். யார் பார்த்தார்கள்?

அங்கேதான் தராசு வருகிறது. அமெரிக்காவில் லீசா ஃபிறீமன் குழு சிறுநீரக நோய் கண்ட 569 பூனைகளின் பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்த்து 2016இல் வெளியிட்டது. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அவை இளைக்கத் தொடங்கியிருந்தன. கடைசி ஓராண்டில் மட்டும் நடுத்தரக் கணக்கில் உடல் நிறையில் ஏறத்தாழ 9 வீதம் போயிருந்தது. நான்கு கிலோ பூனைக்கு அது 350 கிராம் சொச்சம். கண்ணுக்குத் தெரியாது, மயிர் மறைத்துவிடும். கடைத்தெருவில் சீனி நிறுக்கும் தராசுக்குத் தெரியும். மாதம் ஒரு முறை நிறுத்துச் சுவர்க் கலண்டரில் எழுதி வைத்த குடும்பம், வைத்தியரிடம் ஆய்வுகூடத்துக்கு நிகரான ஒரு தகவலோடு போகிறது. தைரொயிட் மிகுதி, பல் சிதைவு, நீரிழிவு ஆகியவையும் இளைக்க வைக்கும் என்பதால் எது என்று பிரிப்பது வைத்தியர் வேலை. நடத்தை திடீரென்று மாறி, தூண்டாமலே கடிக்க வந்தால் விசர்நோயையும் நினைக்க வேண்டும். கடிபட்ட ஆள் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

சிறுநீரக நோயைத் தீர்க்க முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். தோலுக்கடியில் சேலைன் ஏற்றுவதை வீட்டாருக்கே கற்றுக்கொடுக்கும் வைத்தியர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பத்து நிமிட வேலை. மடுல்சீமையிலிருந்து இரண்டு நாளுக்கொரு தரம் கூடை தூக்கிக்கொண்டு பதுளைக்கு வர முடியாது என்பதைப் புரிந்து, வீட்டிலேயே செய்யக்கூடிய சிகிச்சையாக எழுதித் தருவது பூனைக்கும் வீட்டாருக்கும் ஒருசேரச் செய்கிற உதவி. மூட்டு நோவு மருந்துகளில் சில சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் இரண்டு நோயும் சேர்ந்த பூனைக்கு மருந்து தேர்வது நிதானமான வேலை. அங்கே அவசரப்படும் வைத்தியரிடம் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பதில் தப்பில்லை.

ஒரு நாள் எதுவும் பலிக்காமல் போகும். அந்த நாளை எப்படி அறிவது? அமெரிக்கப் புற்றுநோய் மிருக வைத்தியர் அலிஸ் வில்லலோபோஸ் 2004இல் ஏழு விடயங்களுக்குப் பத்துப் பத்து மதிப்பெண் தரும் அட்டவணை ஒன்றை அமைத்தார்: நோவு, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது. 35க்கு மேல் இருந்தால் இன்னும் பார்க்கலாம். எண்ணில் பெரிய துல்லியம் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லும்போது, வாராவாரம் எழுதிய எண் சண்டையைக் குறைக்கும்.

உயிரை எடுப்பது பாவம் என்ற எண்ணம் இந்த மலைகளில் கோயிலுக்குப் போகிறவரிடமும் பன்சலைக்குப் போகிறவரிடமும் உண்டு. வைத்தியரும் அவர்களில் ஒருவர். கருணை ஊசிக்கு மறுக்கிறவரைக் கல்நெஞ்சர் என்று சொல்ல முடியாது. மறுத்துவிட்டு நோவு மருந்தும் தராமல் அனுப்புகிறவரைப் பற்றி அப்படிச் சொல்லலாம். ஊசிதான் முடிவு என்றால் முறையாக நடக்க வேண்டியது இது: முதலில் தூக்க மருந்து, பூனை வீட்டார் கையிலேயே மயங்கும். பிறகு நாளத்தில் பென்ரோபாபிற்றல் மிகை அளவில். அது முதலில் மூளையின் மேற்பட்டையை அணைக்கிறது. உணர்வு போன பிறகே மூச்சும் இதயமும் நிற்கின்றன. கண் திறந்தே இருக்கும், ஓரிரு தரம் உடம்பு துடிக்கவும் கூடும். இதை முன்கூட்டியே சொல்லிவிடும் வைத்தியர், வீட்டாரைத் தேவையில்லாத பயத்திலிருந்து காப்பாற்றுகிறார்.

அந்த மருந்து உடலில் நெடுநாள் அழியாமல் தங்கும். தோண்டித் தின்னும் நாயோ காட்டுப்பன்றியோ அதனால் சாகக்கூடும். எனவே குழி இடுப்பளவாவது ஆழமாக, மழைக்கு மண் அரிக்காத இடத்தில், பீலிக்கும் ஊற்றுக்கும் எட்டத்தில் இருக்க வேண்டும்.